மூன்று கால் ஆபீசர்

இந்தக் கதையைப் பதினோரு வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. நடக்கவே இல்லை என்று சொல்ல வரவில்லை. நடந்திருக்கிறது. ஆனால் எங்கோ ஓர் ஆணி கழன்றிருக்கிறது. உட்கார்ந்தால் ஆடுகிறது. குனிந்து பார்த்தால் எல்லா ஆணியும் சரியாகத்தான் இருக்கிறது.

எனக்குச் சொன்னவர் கதாநாயகரேதான். அடுத்த கட்டிடம். சாயங்கால நடைக்குக் கூட்டாளி. நேரில் 'யோவ்' என்றுதான் கூப்பிடுவேன். எழுத்தில் மரியாதை கொடுத்துவிடுகிறேன். தெருவில் அவருக்குப் பெயர் வீட்டாபீசர். வீட்டிலேயே ஆபீஸ் என்பதால் வந்த பெயர். சுருக்கமாக ஆபீசர்.

முதல் தடவை கேட்டுவிட்டு வந்து என் மனைவியிடம் சொன்னேன். எல்லோரும் சிரிக்கும் இடங்களில் அவள் சிரிக்கவில்லை. கதையில் ஒரு போன் வருகிறது. சிரிக்க அங்கே ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில், குடித்த தண்ணீர் மூக்கில் ஏறும்படி சிரித்தாள்.

"எதுக்குச் சிரிக்கறே?"

"ஒண்ணுமில்லீங்க. மேல சொல்லுங்க."

அன்று பிடித்தது எனக்குக் குழப்பம்.

ஆபீசர் முன்பு நிஜ ஆபீஸ் ஒன்றில் இருந்தார். ஒரு நாள் அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள். பதினைந்து நாள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தவர், பதினாறாம் நாள் எழுந்து பல்கூடத் தேய்க்காமல் பிரகடனம் செய்தார்.

"இனிமே நான் வி.ஏ."

"அப்படீன்னா?" என்றாள் மனைவி. இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று.

"வர்ச்சுவல் அசிஸ்டென்ட். முதலாளி எங்கேயோ இருப்பாரு. நான் இங்கேருந்தே அவருக்கு உதவியாளர். கடிதம் போடறது, பயணச்சீட்டு எடுக்கறது, கூட்டக் குறிப்பு எழுதறது, எல்லாம் வீட்டுலேருந்தே."

"உதவியாளர் புரியுது. வர்ச்சுவல்னா?"

"இருக்கற மாதிரி இருக்கும். ஆனா இருக்காது."

"இதைத்தானே ஆறு வருஷமா பண்ணிட்டிருக்கீங்க? இப்பத்தான் இதுக்கு வேலைன்னு பேர் வெச்சாங்களா?"

ஆபீசர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் விடவில்லை.

"இங்கிலீஷ்ல அந்த ரெண்டு எழுத்தையும் சேர்த்துப் படிச்சா 'வா'ன்னு வருதே. முதலாளி வான்னா ஓடுவீங்க. நான் வான்னா?"

"நீ எப்ப 'வா'ன்னு கூப்பிட்டிருக்கே? 'வந்து தொலைங்க'ன்னுதானே கூப்பிடுவே!"

வேலை ஒரு நிறுவனத்தின் மூலம் கிடைத்தது. அங்கே விதிகள் பல. அதில் தலையாயது இது: முதலாளிக்கு உதவியாளரின் போன் நம்பர் தெரியக்கூடாது, உதவியாளருக்கு முதலாளியின் நம்பர் தெரியக்கூடாது. தெரிந்தால் இரண்டு பேரும் நேரே கைகோத்துக்கொண்டு நடுவில் இருப்பவரைக் கழற்றி விட்டுவிடுவார்கள் அல்லவா? எல்லாப் பேச்சும் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் வழியாகத்தான். ஆபீசருக்கு வாய்த்த முதலாளி குளியலறைக் கண்ணாடி விற்பவர். ஊருக்கெல்லாம் முகத்தைக் காட்டுகிறவர், இவருக்கு மட்டும் காட்டியதில்லை. குரல்தான்.

அந்த வீட்டில் தாழ்ப்பாள் போடக்கூடிய அறைகள் இரண்டு. ஒன்று குளியலறை. இன்னொன்று பழைய பெட்டிகள் கிடந்த சின்ன அறை. பெட்டிகளை வெளியே தள்ளி, மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர், நீளமான வயர் தொங்கும் ஒரு ஹெட்செட் எல்லாவற்றோடும் ஆபீசர் உள்ளே போனார். கதவில் அட்டை ஒன்று தொங்கியது: 'கூட்டம் நடக்கிறது'.

பெரியவளுக்கு ஐந்து வயது. எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு கேட்டாள்.

"கூட்டம்னா நிறையப் பேர் இருக்கணுமே? அப்பா ஒருத்தர்தானே இருக்காரு?"

சின்னவளுக்கு இரண்டு. கையில் கிடைத்ததை வாயிலும், வாயில் கிடைத்ததை அடுத்தவர் சட்டைப்பையிலும் வைப்பாள்.

காலை ஒன்பதரைக்குக் கண்ணாடிக்காரருடன் ஒரு கால், அதாவது கம்ப்யூட்டர் வழிப் பேச்சு. பதினொன்றுக்கு அவருடைய வாடிக்கையாளர்களுடன் ஒரு கால். இரண்டும் சத்தியமான கால்கள். மத்தியானம் கதவைத் திறந்தால், சாயங்காலம்வரை இரண்டு மகள்களும் ஆபீசர்மேல்தான். ஒருத்தி முதுகில் ஏறுவாள். ஒருத்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரில் போடுவாள். நான்கே நாளில் ஆபீசர் நாராகிவிட்டார். ஐந்தாம் நாள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"இன்னிலேருந்து மூணு கால். மூணாவது மூணு மணிக்கு."

பெரியவள் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டுதானே இருக்கு!"

"மூணாவது புதுசா வந்திருக்கு கண்ணு."

"காட்டுங்க."

"அது கதவைச் சாத்தினாத்தான் வரும்."

மூன்றாவது கால் என்று ஒன்று கிடையாது. மூன்று மணிக்குக் கதவைச் சாத்துவார். ஹெட்செட்டை மாட்டுவார். வயரைக் கம்ப்யூட்டரில் செருகமாட்டார். செருகினால் கடிதம் வரும்போதெல்லாம் டிங் என்று காதில் அடிக்கும். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுவார். ஒரு மணி நேரம் சொர்க்கம்.

முதல் நாளே சொர்க்கத்தின் கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, கால் முடிஞ்சிடுச்சா? சத்தமே காணோமே?"

சத்தம் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. ஓர் அட்டையில் எழுதி மேசைமேல் சாத்தி வைத்துக்கொண்டார். 'ம்.' 'சரிங்க.' 'கண்டிப்பா.' 'எனக்கு ஆட்சேபணையே இல்லை.' 'நீங்க சொன்னாச் சரி.' 'செஞ்சிடலாம்.' 'திங்கட்கிழமையே ஆரம்பிச்சிடலாம்.' அரை நிமிஷத்துக்கு ஒன்று. பத்து நாளில் அட்டையைப் பார்க்காமலே, அரைத்தூக்கத்திலேயே, வரிசை தப்பாமல் வந்தது. அதிலும் அந்த 'ம்' இருக்கிறதே, கல்யாணமான நாளிலிருந்து பழகியது. அதற்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.

இப்படி மூன்று மாதம் போனது. அப்புறம் பல் டாக்டர் வந்தார்.

டாக்டர் போனில்தான் வந்தார். பெரியவள் பிறப்பதற்கு முன்பு ஆபீசரின் மனைவி அவருடைய வரவேற்பு மேசையில் இருந்தவள். இப்போது வீட்டிலிருந்தே நோயாளிகளின் அழைப்பை எடுத்து நேரம் குறித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். மூன்றிலிருந்து ஆறு மணி வரை. ஒரே நிபந்தனை, பின்னால் குழந்தை கத்தும் சத்தம் கேட்கக் கூடாது. பல் வலியோடு போன் பண்ணுகிறவர் காதில் அழுகை விழுந்தால், டாக்டர் வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்து வேறு டாக்டரிடம் ஓடிவிடுவார்.

"மூணு மணி நேரந்தாங்க" என்றாள் மனைவி. "அந்த ரூமை விடுங்க. புள்ளைங்களை நீங்க பார்த்துக்கங்க."

"மூணு மணிக்கா? அடடா! மூணுக்கு எனக்குக் கால் இருக்கே!"

"நேரத்தை மாத்தச் சொல்லிக் கேளுங்களேன். எனக்காக ஒரு தடவை கேளுங்க. அஞ்சு வருஷமா நான் ஒரு முழு வாக்கியம் பேசி முடிச்சதில்லை. பாதியில ஒருத்தி விழறா, மீதியில ஒருத்தி ஏறறா. பெரியவங்களோட மூணு மணி நேரம் பேசணும் எனக்கு. பல்வலிக்காரங்களா இருந்தாலும் பரவாயில்லை."

இதைச் சொல்லும்போது அவள் சண்டைக்கு நிற்கவில்லையாம். அதுதான் தன்னை உறுத்தியது என்று ஆபீசர் என்னிடம் சொன்னார். உறுத்தப்பட்ட மனிதர் என்ன செய்தார்? மறுநாள் வந்து சொன்னார்.

"கேட்டேம்மா. கண்ணாடிக்காரர் உடைஞ்சே போயிட்டாரு. மூணு மணிக்கு நீங்க இல்லேன்னா எனக்குத் தொழிலே இல்லேங்கறாரு."

"அப்படியா?" என்றாள் மனைவி.

குழந்தையின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டாள். டாக்டர் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் கேட்டிருந்தார். அதற்குமேல் காத்திருக்க முடியாது, வேறு ஒருத்தி தயாராக இருக்கிறாள் என்று சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. கதவு சாத்தப்பட்டது. அட்டை தொங்கியது. ஆபீசர் சாய்ந்தார். உறுத்தல் கொஞ்சம் இருந்தது. அதன்மேலேயே தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ம்... சரிங்க..."

கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி உண்டு. அங்கிருந்து பெரியவளின் குரல் வந்தது. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறாள்.

"அம்மா! ரெண்டு கால்தான் இருக்கு! மூணாவது கால் வரவேயில்லை!"

ஆபீசர் கால்களை மடக்கி உள்ளே இழுத்தார்.

"ஐயோ, ரெண்டும் போச்சு!"

திரும்ப நீட்டினார்.

"வந்துடுச்சு! அம்மா, அப்பாவோட வால் கீழ கிடக்கும்மா!"

பெரியவளிடம் ஒரு துணிக்குரங்கு உண்டு. இரண்டு நாளாக அதற்கும் தனக்கும் வால் பற்றித்தான் பேச்சு. அதன் தொடர்ச்சி என்று ஆபீசர் நினைத்துக்கொண்டார். ஹெட்செட்டைக் காதில் நன்றாக அழுத்திக்கொண்டார். மனைவியின் குரலும் கதவுக்கு வெளியே ஏதோ முணுமுணுத்தது. பெரியவளை அதட்டுகிறாள் போலிருக்கிறது. விட்டு விட்டுக் கேட்டது. இவரும் விட்டு விட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

"ம்... கண்டிப்பா... எனக்கு ஆட்சேபணையே இல்லை... நீங்க சொன்னாச் சரி..."

அன்றைக்கு என்னவோ வாய் அதிகமாகவே ஒத்துழைத்தது. நடுநடுவே சொந்தமாக ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தார். நான்கு மணிக்குத் தாழ்ப்பாளைத் திறந்து, நெற்றியைத் தேய்த்தபடி, உலகத்தையே சுமந்து முடித்த களைப்போடு வெளியே வந்தார்.

கூடத்தில் அவருடைய சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவர் கண்ணாடிக்காரருக்காக வாங்கி அலமாரியில் அடுக்கியிருந்த கோப்புகள் ஒரு பிளாஸ்டிக் கூடையில் இருந்தன. மனைவி கையில் ஒரு தாள். குளித்து, தலையை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"என்ன இது?"

"கூட்டக் குறிப்பு. நீங்கதானே எழுதச் சொல்லிக் கொடுத்தீங்க? யார், எங்கே, என்ன முடிவு, எப்ப முதல்."

"எந்தக் கூட்டம்?"

அவள் படித்தாள். "'நேரம், மூன்று ஐந்து. இடம், கதவின் இருபுறமும். கலந்துகொண்டோர், கணவர் உள்ளே, மனைவி வெளியே. பார்வையாளர், மூத்த மகள், தரையில்.'"

"ஏய்..."

"குறுக்கே பேசாதீங்க, குறிப்பு வாசிக்கறேன். 'அறையை மூன்று முதல் ஆறுவரை மனைவிக்குத் தரலாமா என்று கேட்கப்பட்டது. கண்டிப்பா என்று கணவர் பதிலளித்தார். குழந்தைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போக வேண்டியிருக்குமே என்று மனைவி கவலை தெரிவித்தார். எனக்கு ஆட்சேபணையே இல்லை என்று கணவர் கூறினார். மழை வந்தாலுமா என்று கேட்டதற்கு, நீங்க சொன்னாச் சரி என்றார். பாத்திரம் யார் தேய்ப்பது என்ற கேள்விக்குக் கணவர் வாய்விட்டுச் சிரித்து, செஞ்சிடலாம் என்றார். எப்போது முதல் என்றதற்கு, திங்கட்கிழமையே ஆரம்பிச்சிடலாம் என்றார்.' இந்தாங்க, கையெழுத்துப் போடுங்க. டாக்டர்கிட்ட சரின்னு சொல்லியாச்சு."

ஆபீசருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. ஓடியதும் முகம் மலர்ந்தது. இதில் என்ன கஷ்டம்?

"பைத்தியம்! நான் உன்கிட்டயா பேசினேன்? முதலாளிகிட்டதான் பேசிட்டிருந்தேன்! கால்ல இருந்தேன்!"

"அப்படியா?" என்றாள் மனைவி.

இந்த 'அப்படியா'வையும் ஆபீசர் கவனிக்கத் தவறினார்.

"அதான் எனக்குக் குழப்பமா இருக்கு" என்றாள். "மூணு மணிக்கு உங்க முதலாளி எனக்குப் போன் பண்ணினாரு."

ஆபீசர் பேந்தப் பேந்த விழித்தார்.

"யாரு?"

"கண்ணாடிக்காரர். உங்க வீட்டுக்காரரை அவசரமா பிடிக்கணும், கம்ப்யூட்டர்ல கிடைக்கலையே, எங்க இருக்காருன்னாரு. உங்களோடதான் கால்ல இருக்காருன்னேன். 'என்னோடவா?'ன்னாரு. ஆமா சார், தினம் மூணு மணிக்கு உங்களோடதானேன்னேன். 'தினமுமா?'ன்னாரு. பாவம், பெரிய மனுஷன், குரலே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"ஐயையோ! அப்புறம்?"

"உங்க வேலைக்கு உலை வெச்சிடக் கூடாதேன்னு நான்தான் சமாளிச்சேன். தப்பாச் சொல்லிட்டேன் சார், அவரு என்னோட பேசிட்டிருக்காரு, கதவுக்கு அந்தப் பக்கமா, வீட்டு விஷயம், முக்கியமான முடிவு எடுக்கறோம்னு சொன்னேன். 'அப்படியா, பேசி முடிக்கட்டும்'னு வெச்சிட்டாரு."

ஆபீசர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அது நாற்காலி இல்லை, கோப்புக் கூடை.

"இப்ப நீங்களே சொல்லுங்க" என்றாள் மனைவி. அவ்வளவு பதமாக அவள் பேசிக் கேட்டதே இல்லையாம். "என்னோட பேசினீங்களா? இல்ல, யாரோடவும் பேசலையா? யாரோடவும் இல்லேன்னா, நான் பொய் சொல்லிட்டேன்னு ஆயிடும். உங்க முதலாளிகிட்ட நீங்களே விளக்கிடுங்க. என்னோடதான்னா, இந்த இடத்துல கையெழுத்து."

யோசித்துப் பாருங்கள். 'காலில் இருந்தேன்' என்று சொல்ல வழியில்லை. தன்னோடு இல்லை என்று முதலாளியே சொல்லிவிட்டார். 'தூங்கினேன்' என்றால் மூன்று மாதத்து மூன்றாவது கால் முறிந்துவிடும், வேலையும் போய்விடும். மிச்சம் இருப்பது ஒரே வழி.

"உன்னோடதான் பேசினேன்" என்றார் ஆபீசர்.

"பாத்திரம்வரைக்குமா?"

"...ம்."

பெரியவள் பேனா எடுத்து வந்தாள். சின்னவள் அதன் மூடியை வாயில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வயரைச் செருகினார் ஆபீசர். கண்ணாடிக்காரர் வழக்கம்போல, "வெள்ளிக்கிழமை எல்லாம் நல்லாப் போச்சா?" என்று கேட்டார். வாராவாரம் திங்கட்கிழமை கேட்கிற கேள்விதான். ஆபீசருக்கு வியர்த்துவிட்டது.

"நல்லாப் போச்சு சார். இனிமே அப்படி நடக்காது சார்."

"எப்படி?"

"அதான் சார்... அது."



"சரி" என்றார் கண்ணாடிக்காரர். அன்றைய வேலைக்குப் போய்விட்டார்.

என்ன பெருந்தன்மை! ஆபீசருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! இப்படிப்பட்ட மனிதருக்கு உழைக்காமல் யாருக்கு உழைப்பது? அன்றிலிருந்து அவர் பத்துக் கடிதம் கேட்டால் இவர் இருபது எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளையும் எடுத்துக் கொடுத்தார். கண்ணாடிக்காரரின் கல்யாண நாளை அவரே மறந்தாலும் இவர் மறப்பதில்லை.

திங்கள் சாயங்காலமே பூங்காவில் அவரை முதல்முறையாகப் பார்த்தேன். தோளில் ஒரு மகள், கையில் ஒரு மகள், சட்டைப்பையில் துணிக்குரங்கின் வால். வாயைக் கொடுத்தேன். கதை வந்தது.

இப்போது அந்தப் பெண்கள் வளர்ந்துவிட்டார்கள். அவர் மனைவி நான்கு டாக்டர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறாள், காலை ஒன்பதிலிருந்தே. முழு வாக்கியமாகப் பேசுகிறாள். வாக்கியத்துக்குப் பின்னால் வாக்கியமாகப் பேசுகிறாள். அந்த அறை முழுநேரமும் அவளுடையது. ஆபீசரின் ஆபீஸ் துவைக்கும் இயந்திரத்தின் மேல் நடக்கிறது. துணி சுற்றும்போது அவர் குரல் நடுங்கும். பயபக்தியோடு பேசுகிறார் என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொள்கிறாராம்.

கதையை அவர் எனக்கு முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் கால்களைச் சொல்வார், வாலைச் சொல்வார், சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்து வீட்டுக்குப் போனால் அந்த ஆணி ஆடும். என் மனைவியைப் பார்ப்பேன். அவள் வேறு பக்கம் பார்ப்பாள். எனக்கும் எங்கேயாவது ஒரு மூன்றாவது கால் இருக்கிறதோ, அவள் எண்ணிப் பார்த்து வைத்திருக்கிறாளோ என்று யோசனை போகும். கேட்கப் பயமாக இருக்கும்.

போன வாரம் நடந்துகொண்டிருந்தோம். ஆபீசர் பெருமையாகச் சொன்னார்.

"பதினோரு வருஷம் தாண்டிடுச்சு. இன்னிவரைக்கும் கண்ணாடிக்காரர் நம்பர் எனக்குத் தெரியாது, என் நம்பர் அவருக்குத் தெரியாது. நிறுவனத்து விதி! நாங்க ரெண்டு பேருமே அதுல நூலிழை பிசகினதில்லை."

நான் நின்றுவிட்டேன். அவர் நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, மூச்சு வாங்குதா?"

மூச்சு வாங்கவில்லை. ஆணி அகப்பட்டுவிட்டது. செருகாத வயர் தரையில் கிடந்தது கண்ணுக்குத் தெரிந்தது. மூக்கில் தண்ணீர் ஏறச் சிரித்த என் மனைவியின் முகமும் தெரிந்தது. கேட்கலாமா, வேண்டாமா? மனிதர் இத்தனை வருஷமாக நன்றியிலேயே குடியிருக்கிறார். அந்த வீட்டில் அவருக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். அதையும் காலி பண்ணச் சொல்ல நான் யார்? நிச்சயமாகக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தேன். வாயைத் திறந்தேன்.

"ஏன்யா, உன் நம்பரே தெரியாத கண்ணாடிக்காரருக்கு உன் வீட்டம்மா நம்பரை யாருய்யா கொடுத்தது?"